பன்னிரண்டு முதுகுகள்

நான்காவது பதிலில் அவள் கண் நின்றது.

நாளை சாயங்காலம் பாஸ்கெட்பால் ஃபைனல். மேட்டுக் கல்லூரிக்கும் மில் ரோடு கல்லூரிக்கும்.

இன்று ஆறு மணிக்குள் அவளுடைய ப்ளாக்கில் முன்னோட்டம் வந்தாக வேண்டும். இரண்டு ஹாஸ்டலும் படிக்கும். இரண்டு கோச்சும் படிப்பார்கள், அதெல்லாம் யார் படிக்கிறது என்று சொல்லிக்கொண்டே.

மூன்று வருட வழக்கம். அவள் மேட்டுக் கல்லூரியின் ரசிகை. அவன் மில் ரோட்டின் ரசிகன். அவள் ஐந்து கேள்வி அனுப்புவாள், அவன் பதில் எழுதுவான். அவன் ப்ளாக்குக்கு அவன் கேட்பான், அவள் எழுதுவாள். அடுத்தவர் பதிலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது.

அந்த விதியைப் போட்டவன் அவன்தான்.

பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. ‘கார்னர் சீட்’ என்றுதான் கையெழுத்து.

முதல் மூன்று பதில்களில் வழக்கமான வம்பு. “ஏனுங்க மேட்டுக்காரம்மா, உங்க சென்டர் குதிக்கிறாரா, இல்ல செருப்பு மாட்றாருங்களா?”

சிரித்துவிட்டாள். அடுத்ததற்கு வந்தாள்.

கேள்வி: கடைசி நிமிடத்தில் உங்கள் டீமில் பந்து யாரிடம் போகும்?

பதில்: “எங்க கோச் தரையில அஞ்சு தண்ணி பாட்டில் மூடி வெப்பாருங்க. நாலு வெள்ளை, ஒண்ணு நீலம். நீலத்தை எங்க நகத்துறாரோ அங்க நிக்கிறவன்தான் ஷாட் போடுவான். போன மூணு மேட்ச்லயும் நீலம் இடது மூலைக்குத்தான் போச்சு.”

முதலில் படித்தபோது ஆசை வந்தது. இடது மூலை. மேட்டுக் கல்லூரி கேப்டன் கௌசிகனிடம் சொன்னால் போதும், அங்கே இரண்டு பேரை நிறுத்திவிடுவான்.

மறுபடி படித்தாள்.

தரையில.

டைம் அவுட்டில் அந்த கோச் குத்தவைத்து உட்காருவார். பன்னிரண்டு பேரும் குனிந்து சுற்றி அடைப்பார்கள். கேலரியில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் தெரிவது பன்னிரண்டு முதுகுகள்.

மூடியின் நிறத்தை யார் பார்த்தது?

அவன் ப்ளாக்கைத் திறந்தாள். முதல் பதிவிலிருந்து.

தன் டீமில் ஒருவரையும் அவன் விட்டுவைத்ததில்லை. ஒருத்தனுடைய ஷூ லேஸ். ஃப்ரீ த்ரோவுக்கு முன் ஒருத்தன் சாமி கும்பிடுவது. கேப்டனின் வாய். எல்லாரையும் வம்புக்கு இழுத்திருக்கிறான்.

பதினைந்தாம் நம்பரைத் தவிர.

டீம் போட்டோவில் தேடினாள். பின் வரிசை ஓரம், பாதி முகம். வே. பூவரசன். மூன்று வருட ஸ்கோர் ஷீட்டிலும் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு.

ஒரு நிமிடம்கூட ஆடாத ஒருவன்.

போன வருடம் மில் ரோடு பையன் ஒருத்தன் பிராக்டிஸை ரீல் எடுத்துப் போட்டான். மறுநாள் டீமில் இல்லை. உள் விஷயம் வெளியே போனால் அந்த கோச்சுக்கு ஆகாது. ஊருக்கே தெரியும்.

மணி ஐந்தரை.

மெசேஜ் போட்டாள். “கார்னர் சீட்டு, தரையில இருக்கிற மூடி எந்த சீட்டுல இருந்து தெரியுதுங்க?”

டைப்பிங் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

“போட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

எடுத்துவிடு என்று கேட்பான் என்று காத்திருந்தாள்.

ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது.

அவன் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு வரி வந்தது. “ரூல் நான் போட்டதுங்க.”

அவ்வளவுதான்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். உட்கார்ந்தாள். இவன் எப்படி எழுதினான் இத்தனை நாள்? ஆட்டம் முடிந்து, எல்லாரும் குளித்துவிட்டுப் போன பிறகா? பஸ்ஸில் கடைசி சீட்டிலா? பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் என்ன சொல்வான்?

ஆறு மணிக்குப் பதிவு வந்தது. நான்காம் கேள்விக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: இதற்கு அவர் பதில் தரவில்லை.

மூன்று வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய்.

ஆறு ஐந்துக்குக் கௌசிகன் கூப்பிட்டான். “என்ன, நாலாவதுக்கு நழுவிட்டானா? உங்கிட்டயாவது எதாச்சும் உளறுனானா?”

“இல்ல.”

இரண்டாவது.

மறுநாள் கேலரியில் மேட்டுக் கல்லூரிப் பக்கம் முழுக்க மெரூன் சட்டை. டமாரம். விசில். அவள் நடுவில் இருந்தாள், தோழி நிலோஃபரோடு. கீழே மில் ரோடு பையன்கள் வார்ம் அப் செய்துகொண்டிருந்தார்கள். வரிசையாக வந்து, பந்தை வாங்கி, போட்டுவிட்டு ஓடினார்கள்.

கடைசியில் பதினைந்து.

ஒல்லி. நினைத்ததைவிட உயரம். காதுவரை இறங்கிய முடி.

அவன் கூடையைப் பார்க்கவில்லை. மெரூன் கூட்டத்தை, முகம் முகமாக, ஒரு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். பந்து கைக்கு வந்தது. பாதிப் பார்வையில் எறிந்தான்.

வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

வார்ம் அப்பில் விழுவதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

அவள் தட்டினாள்.

நிலோஃபர் அவள் தொடையில் அடித்தாள். “அடியே, அது அவனுங்க ஆளுடி!”

கீழே வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவன் பூவரசனின் முதுகில் தட்டினான், அவன் அசையவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

அவள் இன்னொரு முறை தட்டினாள்.