குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?

முதற்கண் மன்னிக்க வேண்டுகிறேன். விடுப்பு விண்ணப்பம் தவிர வேறெதையும் நான் இதுவரை சொந்தமாக எழுதியதில்லை. எழுத்துகள் கோணலாக இருப்பின் அதற்கும் பொறுத்தருள்க. மடியில் வைத்து எழுதுகிறேன்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

மூன்று தாள்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கிப் பணிவுடன் கொடுத்தேன்.

மாமா என் அத்தையின் கணவர்; குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளாகத் தம் குடும்ப வரலாற்றை எழுதி வந்தார். வெள்ளிக்கிழமை நூல் அச்சுக்குப் போகவேண்டும். முதல் அத்தியாயத்தின் தலைப்பு: 'இந்த வீட்டைக் கட்டிய என் கொள்ளுத்தாத்தா.'

ஆதாரம் மட்டும்தான் பாக்கியிருந்தது.

"நாள் முழுக்க அடுத்தவன் எழுத்துல குத்தம் கண்டுபிடிக்கிறே. எங்க கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்க மாட்டியா மாப்ளே?" என்று அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார். கண்டுபிடித்தால், நூலின் கடைசிப் பக்கத்துக் குடும்ப மரத்தில் என் பெயரையும் ஓர் ஓரமாகச் சேர்ப்பதாக வாக்கு.

கிளையாக வேண்டுமென்று நான் ஆசைப்படவில்லை. ஓர் இலை போதும்.

ஆறு மாதச் சனிக்கிழமைகள் ஆவணக் காப்பகத்தில் கழிந்தன. எங்கள் தெருவின் பெயர் இருமுறை மாறியிருந்தது. கதவு எண்களை யாரோ ஓர் அதிகாரி எதிர்முனையிலிருந்து புதிதாக இட்டிருந்தார். எல்லா வரைபடங்களிலும் நகராமல் நின்ற மூலைக் கிணற்றிலிருந்து வீடு வீடாக எண்ணி, இன்றைய பதினான்குதான் அன்றைய ஏழு என்று நிறுவினேன். பிறகு பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் ஏழாம் எண் வீடு அகப்பட்டது.

முதல் தாளில் குடும்பத் தலைவர் யாரோ ஒரு தையற்காரர். கொள்ளுத்தாத்தாவின் பெயர் கடைசி வரியில் இருந்தது. 'தலைவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில், 'விருந்தாளி'.

பத்தாண்டுக்குப் பிந்தைய இரண்டாம் தாளிலும் அதே வரி, அதே விருந்தாளி.

மூன்றாம் தாளில் கொள்ளுத்தாத்தாதான் குடும்பத் தலைவர். தையற்காரர் கடைசி வரிக்கு இறங்கியிருந்தார். அவர் பெயருக்கு எதிரே, 'விருந்தாளி'.

மூன்றாம் தாளை மட்டும், அதுவும் அடிப்பகுதியை மடித்துக் கொடுத்திருக்கலாம் என்பதை இப்போது உணர்கிறேன். ஆனால் நான் பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவன். மூன்று இடங்களிலும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன்.

மாமா படித்தார். மறுபடியும் படித்தார். குழாய் வெடித்த இடத்தைப் பார்ப்பதுபோல் மூன்றாம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோள்வழியே எட்டிப் பார்த்த அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாவம் அந்தத் தையற்காரர்! உங்க கொள்ளுத்தாத்தாவும் நாலு நாள்ல கிளம்பிடறேன்னு சொல்லித்தான் பெட்டியோட வந்திருப்பார்."

மாமா சிரிக்கவில்லை. மெதுவாக நிமிர்ந்தார். அவர் பார்வை என்னிடமிருந்து மாடிப்படிக்கு ஏறி, மாடி அறைக் கொடியில் காய்ந்த என் சட்டைகளை எண்ணி, மீண்டும் என்னிடம் இறங்கியது.

"போன கணக்கெடுப்புல இவனை என்னன்னு எழுதினோம்?"

அத்தையின் சிரிப்பு நின்றது.

பதில் எனக்குத் தெரியும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அன்று படிவத்தை என்னையே நிரப்பச் சொன்னார்கள். அப்போது நான் அந்த வீட்டுக்கு வந்து ஓராண்டு முடிந்திருந்தது. நேர்முகத் தேர்வு ஒன்றுக்காக நான்கு நாள் தங்க வந்தவன்.

"தப்பா எடுத்துக்காதே மாப்ளே. அடுத்த கணக்கெடுப்பு எப்பன்னு சொன்னாங்க?"

"அடுத்த மாசம், மாமா" என்றேன். தேதியையும் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே மரியாதை.

வெள்ளிக்கிழமை நூல் அச்சுக்குப் போனது. முதல் அத்தியாயத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. என் பெட்டியைக் கட்டுவதற்கு முன், கடைசியாக ஒருமுறை நானே பிழை பார்த்துக் கொடுத்தேன்.

இப்போது அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறேன். நான்கு நாள்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

இழந்தவை: மாடி அறை ஒன்று. அதன் சாவி ஒன்று. எழுதும் மேசை ஒன்று. சனிக்கிழமைகள் இருபத்தாறு. இலை ஒன்று.