கித்தேரி கேட்ட சட்டை

“சட்டையைக் குடுங்க மதினி, சாமியாரு நாளைக்கே பூசை வைக்—”

“கையை எடு கித்தேரி, ஊசி வழுக்குனா இதோட கண்ணு போயிரும்!”

கடலுக்குப் போன சூசை திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அப்படிப் போனவர்களின் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது அந்தக் கரையின் வழக்கம். சட்டையைக் கேட்டுத்தான் சூசையின் தங்கை கித்தேரி, அண்ணி பிலோமி வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் பின்னறைக்கே வந்துவிட்டாள். துவைக்காத அந்தச் சட்டை பிலோமியின் காலடியில், பைக்குள் இருந்தது. புதைத்துவிட்டால் அவர் வந்து எதைப் போட்டுக்கொள்வார்?

அவள் நிமிராமல், கல்லுக்குள் புதைபடிவமாகக் கிடந்த ட்ரைலோபைட்டின் மேல் ஒட்டிய மண்ணை ஊசியால் நெம்பினாள். கடலில் மீன்கள் பெருகும் முன்பே சேற்றில் ஊர்ந்து திரிந்த பூச்சி அது. மூன்று வரப்பாகப் பிரிந்த முதுகு, பிறையாக வளைந்த கண்கள், கன்னத்து ஓரங்களில் முள்.

“என்னைக்கோ செத்த பூச்சியைச் சீராட்டுறீங்க. எங்க அண்ணனை மட்டும் அடக்கம் பண்ண விடமாட்டீங்க!”

“இது செத்தது இல்லடி. தலையோட முன்விளிம்பு கிழிஞ்சிருக்கு பாரு. ஓடு இறுகிப்போனா, அதைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து ஊர்ந்து போயிரும். இது அது உரிச்ச சட்டை. உடம்பைப் பாக்காம சாவுன்னு சொல்லாத.”

கித்தேரி குனிந்தாள். அந்தக் கிழிசலின் மேல் விரலை வைத்தபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

“உரிச்சுப் போட்டுட்டுப் போனது, திரும்பி வந்து இதைப் போட்டுக்கிட்டதா, மதினி?”