ஹபீப் முகம்மதுவின் புது மோட்டார்

நஃபீசாவின் முகத்தைப் பார்த்ததுமே, இந்த வியாபாரத்துக்கு முட்டுக்கட்டை யார் என்று ஃபாஜிலுக்குப் புரிந்துவிட்டது. அவள் புருஷன் ஹபீப் முகம்மது ஃபாஜில் கடையிலிருந்த படகு மோட்டாரைத் தடவித் தடவிப் பார்த்து எப்போதோ மயங்கிவிட்டார். ஷார்ஜாவில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டுப் போன வருஷம்தான் ஊர் திரும்பி, வந்த கையோடு படகு வாங்கியவர் அவர். இந்த அம்மாள்தான் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"சத்தமே வராது லாத்தா. படகுல உக்காந்துக்கிட்டே செல்போன்ல பேசலாம்," என்று அக்கா முறை வைத்து ஆரம்பித்தான் ஃபாஜில்.

"ம்."

"மண்ணெண்ணெய்ப் புகை கெடையாது. கயித்தைப் புடிச்சு இழுக்க வேணாம், பட்டனைத் தட்டுனா போதும். உள்ள கம்ப்யூட்டர் இருக்கு, பெட்ரோலை அளந்துதான் குடிக்கும். ஒரு டேங்க்குல கோடியக்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்!"

கோடியக்கரை என்றதும் அவள் முகம் இன்னும் சுருங்கியது. சரியான கஞ்சம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டான் ஃபாஜில்.

அவன் கவலை அவனுக்கு. முத்துப்பேட்டையில் இந்தக் கடையை வைத்துக் கொடுத்த மாமா மீரா உசேன் கறாராகச் சொல்லிவிட்டார். திறந்த நாளிலிருந்து விற்றது ஒரே ஒரு மோட்டார். நோன்புக்குள் இன்னொன்று விற்காவிட்டால் கடையை மூடிவிட்டு ஜித்தாவுக்குக் கிளம்ப வேண்டியதுதான். விசா தயாராக இருந்தது. புதுசாகக் கல்யாணமாகி வந்த ஷமீரா அதை நினைத்து இப்போதே அழ ஆரம்பித்திருந்தாள்.

நஃபீசா புருஷன் பக்கம் திரும்பினாள். "இருக்கிற மோட்டாருக்கு என்னங்க குறைச்சல்?"

"அடிக்கடி மக்கர் பண்ணுதுல்ல."

"பண்ணுனா என்ன? நீங்கதான் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு உக்காந்து, டீ ஆறுறதுக்குள்ள சரி பண்ணிட்டுக் கிளம்பிடுறீங்களே."

"மச்சான் கெட்டிக்காரர்தான் லாத்தா," என்று ஃபாஜில் குறுக்கே புகுந்தான். "ஆனா இதுல அந்தத் தொல்லையே இல்ல. ரிப்பேர்ங்கிற பேச்சுக்கே எடமில்ல!" கூசாமல் அளந்தான்.

நஃபீசா எழுந்துவிட்டாள். "வாங்க, போவோம்."

இது போதாதென்று, அந்த முதல் மோட்டாரை வாங்கிய ரெத்தினம் அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் வந்து நின்றார்.

"என்ன தம்பி மோட்டார் இது? செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு, அப்படியே நின்னு போச்சு. உள்ளூர் மெக்கானிக் எவனும் கை வைக்க மாட்டேங்கிறான். தொறந்தா ஒயரும் போர்டுமா இருக்காம். மெட்ராஸ்லேருந்து ஆளு வரணும், வெளிநாட்டுலேருந்து சாமான் வரணும்னு சொல்லிச் சொல்லியே ஒரு மாசமா படகு கரையில கெடக்கு!"

ஹபீப் முகம்மது மோட்டார் மேலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

நஃபீசா மறுபடியும் உட்கார்ந்தாள். "ஒரு மாசமாவா?"

"ஆமாம்மா."

"நீங்களே பிரிச்சுப் பாக்க முடியாதா?"

"ஸ்பேனரே வைக்கக் கூடாதாம்மா. பிரிச்சா கேரண்டி போயிடுமாம்!"

"அப்ப நமக்கு இது வேணாம். பழசே போதும்," என்றார் ஹபீப் முகம்மது.

"நல்லா இருக்கே! காலத்துக்குத் தகுந்த மாதிரி மாற வேணாமா?" நஃபீசா சடசடவென்று பொரிந்தாள். "சத்தம் இல்ல, புகை இல்ல, பட்டனைத் தட்டுனா போதும். கயித்தை இழுத்து இழுத்து உங்க தோள்பட்டை என்னத்துக்கு ஆவுறது? பழசைத் தள்ளிவிடுங்க. இதையே எடுங்க."

ரெத்தினம் அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. ஹபீப் முகம்மதுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஆசைப்பட்ட சாமானை வாங்கிக்கொள் என்று பெண்டாட்டியே சொல்லும்போது எந்தப் புருஷன் எதிர்த்துப் பேசுவான்? டெம்போ பிடித்து வர ரெத்தினத்தையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஃபாஜிலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜித்தா தப்பித்தது. இவ்வளவு பெரிய மனசுக்காரியையா கஞ்சம் என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. அளந்த பொய்க்குப் பரிகாரமாக ஏதாவது செய்தே தீர வேண்டும் போலிருந்தது.

"லாத்தா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. திருவாரூர் பையன் ஒருத்தன் மெட்ராஸ்ல இந்த மோட்டார் வேலைதான் கத்துக்கிட்டு இருக்கான். அடுத்த மாசம் இங்க வந்துடுவான். உங்க மோட்டார் நின்னுச்சுன்னா, அன்னைக்கே ஓட வச்சுத் தர்றேன்."

நஃபீசா பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்தாள். புருஷன் காதில் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவனை எங்க வீட்டுப் பக்கம் அனுப்பிடாதீங்க தம்பி. ஷார்ஜாவிலேருந்து வந்த மனுசன் இப்பவாவது வீட்டுல இருக்கட்டும்."