சந்தனப் பொட்டு வைத்த ரெஞ்ச்

ஆயுத பூஜைப் பலகையில் டார்க் ரெஞ்சை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன்.

அரிவாள்மனை, கத்தரிக்கோல், நூலகத்துப் புத்தகங்கள் இரண்டு, நடுவே முழ நீளத்தில் அந்த ரெஞ்ச். சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு சாமந்தியையும் செருகினேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம் அது. சட்டம் போட்டவள் நான்.

அந்த ரெஞ்ச் இல்லாமல் எஞ்சின் ஹெட்டின் போல்ட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்க முடியாது. முறுக்காவிட்டால் கார் ஓடாது. கார் ஓடாவிட்டால், விஜயதசமி காலை ஆறு மணிக்கு நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதில்லை.

ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருவேன் என்று என் கணவர் குப்புராஜ் திடீரென்று ஒற்றைக்காலில் நின்றார். விஜயதசமி அன்றே ஆரம்பிக்க வேண்டுமாம். முப்பது வருடத்தில் நாள் நட்சத்திரம் பார்த்த மனிதர் இல்லை அவர்.

எனக்கோ பயம். கீழ்க்கட்டளை சிக்னலை ஆட்டோவில் கடக்கும்போதே கண்ணை மூடிக்கொள்பவள் நான்.

நல்லவேளை, எங்கள் மாருதியே என் கட்சிக்கு வந்தது. பின்னால் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் குமிழிகள். ஆயில் மூடியைத் திறந்தால், அடியில் காபி நிறத்தில் நுரை.

பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவர் அவர். பார்த்ததும் சொல்லிவிட்டார். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் கலக்கிறது.

பூஜை விடுமுறைக்குப் பட்டறைகள் மூடியிருந்தன. தாம்பரத்தில் ஒரு கடையில் கேஸ்கெட் மட்டும் கிடைத்தது. "நாமளே பண்ணிக்கலாம்" என்றார்.

நாமளே என்றால் நான்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கழற்றியது நான், பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியது நான். ஹெட்டைத் தூக்கி வைக்கும்போது மட்டும் எதிர்வீட்டு யூனிஸ் வந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

"என்னண்ணா, ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து அக்காகிட்ட வேலை வாங்குறீங்க?"

"இருபத்தெட்டு வருஷம் வண்டிக்கு அடியில படுத்துக்கினு இருந்தவன்மா. இப்ப நான் சூப்பர்வைசர்."

நாலு மணிக்கு ரெஞ்சைக் கேட்டார்.

பூஜையில் இருக்கிறது என்றேன். இந்த வருடம் போனால் அடுத்த வருடம் வருகிறது என்றேன்.

நாற்காலியை விட்டு எழுந்தார். கை கால் கழுவிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து எட்டிப் பார்க்காத பூஜை அறைக்குள் போனார். கற்பூரம் ஏற்றி, தட்டை இடப்பக்கமாகச் சுற்றினார்.

"தாயே, கொஞ்சம் அவசரம். கோச்சுக்காதே."

பலகையை ஒரு விரல்கடை வடக்கே நகர்த்தினார். "மறுபூஜை ஆயிடுச்சி வல்லி, எடுத்துக்கினு வா."

வாசலில் யூனிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தோற்றுவிட்டேன்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தடவையாக முறுக்கினேன். இறுக்கம் சரியானதும் ரெஞ்ச் 'டிக்' என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் அவர் தொடையில் தாளம் போட்டார். என் உள்ளங்கையெல்லாம் சந்தனமும் கிரீஸும்.

மற்றதையெல்லாம் பூட்டி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். சாவியைத் திருப்பினேன். புகை இல்லை, குமிழி இல்லை. யூனிஸ் "அல்லேலூயா" என்று கை தட்டினாள்.

காலை ஆறு மணிக்கு ஓட்டினேன். முதல் கியரில் அழுதேன். மூன்றாவதில் பாட்டு வந்தது.

தீபாவளி கழிந்த வாரம், அவரைப் பின் சீட்டில் யூனிஸின் தோளில் சாய்த்துக்கொண்டு, கேளம்பாக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் நானே ஓட்டினேன். எந்த சிக்னலிலும் கண்ணை மூடவில்லை.

டாக்டர் என்னிடம்தான் கோபப்பட்டார்.

"ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே, தனியா வந்தவர்கிட்ட தெளிவா சொல்லி அனுப்பினேனேம்மா. இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு, ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு. கேட்டாரா உங்க வீட்டுக்காரர்?"

"கேட்டார் டாக்டர்" என்றேன். "சொன்னதை அப்படியே கேட்டார்."