இறங்குங்க சார்

"சார், நீங்க இறங்குங்க. அடுத்ததுல வாங்க."

ஆஸ்பத்திரி லிஃப்டில் நாங்கள் பதினோரு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றிருந்தோம். கடைசியாக ஏறிய ஊழியர் பெண்தான் இப்படிச் சொன்னாள். கையில் மூடி போட்ட ஒரு நீலப் பெட்டி. அவள் காலை வைத்ததுமே 'எடை அதிகம்' என்று மணி அலற ஆரம்பித்தது. கதவு மூட மறுத்தது.

கதவருகே பழப்பையோடு நின்ற கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, கடைசியா ஏறினது நீ. இறங்க வேண்டியது நானா?"

"ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் ரிப்பேர் சார். ஆறாவது மாடிக்கு அவசரமாப் போகணும்."

"நானும் ஆறாவது மாடிதான். என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. நான் மட்டும் வேடிக்கை பார்க்கவா வந்தேன்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க இறங்குங்க."

நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். லிஃப்டில் அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"அப்படி என்னதான் இருக்கு பெட்டியில?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதைக் கூட்டத்துல சொல்லக் கூடாது. பேச நேரமில்ல, இறங்குங்க."

அவ்வளவுதான். "திமிரைப் பாருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அவங்க சாப்பாடா இருக்கும்" என்றது இன்னொன்று. மணி வேறு நிற்காமல் காதைக் குடைந்தது.

கண்ணாடிக்காரர் பாடமே நடத்தினார்.

"நாலு பேர் இருக்கிற இடத்துல எப்படிப் பேசணும்னு ஒரு முறை இருக்கும்மா. 'தயவுசெஞ்சு கொஞ்சம் வழி விடறீங்களா'ன்னு கேட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா? அப்படிக் கேட்டிருந்தா எப்பவோ இறங்கியிருப்பேன்."

மீதிப் பத்துத் தலைகளும் ஆடின. என் தலையும்தான்.

அவள் எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு இறங்கி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் ஓடினாள். மணி நின்றது. கதவு மூடியது.

"இதுங்களுக்கெல்லாம் யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும்" என்றார் அவர் திருப்தியாக.

ஆறாவது மாடியில் கதவு திறந்ததும் எதிரே ஒரு நர்ஸ். இறங்கியவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீலப் பெட்டியோட ஒரு அக்கா ஏறலையா? ரத்தம் கொண்டுவர அனுப்பி எவ்வளவு நேரமாச்சு."

நர்ஸ் கண்ணாடிக்காரரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வந்துட்டீங்களா சார்? குழந்தை பிறந்துடுச்சு. ஆனா உங்க பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. அந்தப் பெட்டிக்குத்தான் டாக்டர் காத்துட்டிருக்காங்க."

அவர் ஓட்டமாகப் பிரசவ அறை வரை போனார். உள்ளே விடவில்லை. பழப்பையோடு வாசலை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மற்றவர்கள் மெல்ல நழுவினார்கள். நான் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

படிக்கட்டுக் கதவு திறந்தது. அவள்தான். வியர்வையில் குளித்திருந்தாள், மூச்சு இரைத்தது. பெட்டியை மட்டும் ஆடாமல் பிடித்திருந்தாள். வாசலில் நிற்பவர் யார் என்று பார்த்ததும் ஒரு நொடி தயங்கினாள்.

"தயவுசெஞ்சு... கொஞ்சம் வழி விடறீங்களா சார்?"