கிண்ணம் கேட்கும் கேள்வி

அங்கன்வாடியில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த கிண்ணம், சோற்றைப் போட்டதும் பேசும். வெறும் ரசச் சோறு என்றால், "கீரை எங்கே? முட்டை எங்கே?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அதட்டும். மானம் போகுமே என்று வளர்மதி தினமும் கீரை கடைந்தாள்.

அவளுக்குக் கவலை வேறு. இரண்டு வயதாகியும் மகள் குயிலி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

லாரி ஓட்டப் போயிருந்த கணவன் பாண்டீஸ்வரன் அன்று வீடு திரும்பினான். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து மகளிடம் நீட்டி, "அப்பா சொல்லு தாயி" என்று கெஞ்சினான்.

குழந்தை பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

"கீய எங்க?"

"பேசிட்டா! எம்மக பேசிட்டா!" என்று கூவிக்கொண்டே, தொரட்டியைத் தூக்கிக்கொண்டு முருங்கைமரத்துக்கு ஓடினான் பாண்டீஸ்வரன்.

பின்னாலேயே அதட்டல் வந்தது: "முத்த எங்க?"