ஓடுது பாய், ஓடுது!

"இந்தக் காலத்துல எவன் பாய் விண்டோஸ் எக்ஸ்பி வெச்சிருக்கான்? காயலாங்கடைல குடுத்தாக்கூட வாங்க மாட்டான்!"

ஜான்சன் சிரித்தான். வேலூர் லாங் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேனேஜர் ஆபித் பாஷா சிரிக்கவில்லை. "பழசையே ஓட வெச்சுக் குடு, போதும்."

"போர்டே எரிஞ்சு போச்சு பாய்!"

டைம் ஆபீஸ் விஜயகுமாரி ஜான்சனிடம் கிசுகிசுத்தாள். "முதலாளி புதுக் கம்ப்யூட்டர் அனுப்பி ஆறு மாசமாச்சு. பிரிக்கவே விடல இந்த மனுஷன். குடியாத்தம் பஸ்ல வர்ற பொண்ணுங்கள வாசல்ல நின்னு 'ஓடு ஓடு'ன்னு விரட்டுவாரு. ஈவு இரக்கமே கிடையாது."

காலையில் உள்ளே வரும்போது எல்லோரும் வாசல் மிஷினில் விரல் வைக்க வேண்டும். எட்டு மணி தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு. அது முதலாளி போட்ட சட்டம். அந்த மிஷினுக்கு மணி சொல்லும் சாஃப்ட்வேரோ எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். நாளைக் காலைக்குள் ஓடியாக வேண்டும்.

ஜான்சன் புதுப் பெட்டியில் எக்ஸ்பியை ஏற்றினான். திரை நீலமாகி நின்றது. மறுபடி ஏற்றினான். மறுபடியும் நீலம்.

"இன்னா பாய், எக்ஸ்பியப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குது!"

"முடியலன்னா வுட்டுருப்பா" என்றார் பாஷா ஆவலாக.

"வுடறதா? நானா?"

ஜான்சனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புது விண்டோஸையே போட்டான். அதற்குள் எக்ஸ்பியை உள்வாடகைக்குக் குடிவைத்தான். விஜயகுமாரி நகத்தைக் கடித்தாள்.

திரையில் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி! நீல வானம்! அந்தப் பழைய இசை!

"ஓடுது பாய், ஓடுது!"

வாசல் மிஷின் 'பீப்' என்றது. விஜயகுமாரி கைதட்டிக் குதித்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்த ஸ்டிச்சிங் பெண்கள் விசிலே அடித்துவிட்டார்கள்.

"இன்னொண்ணு பாய். வாசல் மிஷின் பத்து நிமிஷம் ஸ்லோவா இருந்துச்சு. இனிமே இன்டர்நெட் டைம். ஒரு செகண்ட்கூட தப்பாது!"

"அப்பாடா! நான் திருத்தி வெச்சாலும் மறுநாளே பின்னாடி போய்டும்ங்க. பேட்டரி வீக்குன்னு சார்தான் சொல்வாரு" என்றாள் விஜயகுமாரி.

பாஷாவின் முகம் தொங்கிப்போனது. அவளை டீ சொல்ல அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு ஜான்சன். நான்தான் மணியப் பின்னாடி தள்ளித் தள்ளி வெச்சேன். அந்தப் பத்து நிமிஷத்தையும் ஓட வெச்சுட்டுப் போப்பா... குடியாத்தம் பஸ் எட்டு அஞ்சுக்குத்தான் வந்து நிக்குது."